ஸ்பைடரா, ட்ரை கிளைடா: பழுதும் உதிரிபாகமும் வைத்து ஒரு ஒப்பீடு

வட அமெரிக்காவில் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள், முன்னால் இரு சக்கரங்கள் கொண்ட கேன்-ஆம் ஸ்பைடருக்கும் பின்னால் இரு சக்கரங்கள் கொண்ட ஹார்லி-டேவிட்சன் ட்ரை கிளைடுக்கும் இடையே தயங்குகிறார்கள். ஓட்டும் சுகத்தைப் பற்றிப் பலரும் பேசுவதால், இங்கே பழுதுபார்ப்பு மட்டுமே.

உதிரிபாகம்: 2007இல் அறிமுகமான ஸ்பைடரின் சட்டகம், முன் சஸ்பென்ஷன், மின்னணுப் பெட்டிகள் ஆகியவை பெரும்பாலும் அதற்கென்றே செய்யப்பட்டவை என்பதால், கடையில் இருப்பு இல்லையென்றால் நிறுவனத்திலிருந்து வரும்வரை வண்டி நின்றே கிடக்கும். ட்ரை கிளைடின் எஞ்சினும் கியர் பெட்டியும் அதே நிறுவனத்தின் இரு சக்கர டூரிங் (நெடுந்தூரப் பயண) வண்டிகளோடு பெரிதும் ஒத்தவை. வெளி நிறுவனங்கள் தயாரிக்கும் மாற்றுப் பாகங்களும் ஏராளம். பின் அச்சுப் பகுதி மட்டும் விதிவிலக்கு.

பழுதுபார்ப்பவர்: ஸ்பைடரின் நிலைப்புக் கட்டுப்பாட்டில், அதாவது வண்டி நிலைகுலையாமல் காக்கும் மின்னணு அமைப்பில், வரும் கோளாறுகளை முழுமையாக ஆராய விற்பனையாளரிடம் உள்ள மென்பொருள் தேவைப்படும். அவர்களில் பலர் பனிவண்டிகளையும், நீரில் ஓட்டும் ஜெட் ஸ்கீ போன்ற வண்டிகளையும் பழுதுபார்ப்பவர்கள். வண்டி ஓட்டும் பருவம் தொடங்கும்போது வரிசை நீளும். ஹார்லிக்கு, நிறுவனத்தைச் சாராத தனிப் பட்டறைகள் எளிதில் கிடைக்கும்.

செலவு: வாங்கும் விலையில் ஸ்பைடர் குறைவு.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், நல்ல விற்பனையாளர் அருகில் இருப்பவருக்கும், வளைவில் முன்பக்க உறுதியை விரும்புபவருக்கும் ஸ்பைடர் பொருந்தும்; ஊர்விட்டு ஊர் நெடுந்தூரம் செல்பவருக்கு நான் ட்ரை கிளைடையே சொல்வேன். எதை வாங்கினாலும், குளிர்காலத்திலேயே பராமரிப்பை முடித்துக்கொள்வது காத்திருப்பைக் குறைக்கும்.