சொந்த விதியில் ஆட எந்த விடிடி?

ஆர்பிஜி என்பது ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். அதை ஆன்லைனில் நடத்த எந்த விடிடி (திரையில் ஆட்ட மேசையை விரிக்கும் மென்பொருள்) நல்லது என்று கேட்டால், வருகிற பதில்களில் பெரும்பாலானவை டி அண்டு டி என்ற பிரபல ஆர்பிஜி ஆடுகிறவர்களுக்கானவை. அரக்கர் பட்டியல் தயாராக இருக்கிறது, மந்திரங்களை இழுத்துப் போட்டால் போதும் என்பார்கள். விதிகளைத் தாமே எழுதி ஆடுகிறவர்களுக்கு அதனால் காலணா பயனில்லை. சனிக்கிழமை ஆட்டத்தில் சொதப்பிய விதியை அடுத்த சனிக்கிழமைக்குள் மாற்ற முடியுமா என்பதுதான் நம் கவலை. சில வருடங்களாக ஃபவுண்ட்ரி என்ற விடிடியில் நடத்துகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

என் ஆட்டத்தின் விதி எளியது. வலிமை 4 என்றால் நான்கு ஆறு பக்கப் பகடை, 5 அல்லது 6 விழுந்தால் வெற்றி. இதை எண்ணிச் சொல்ல எந்த விடிடிக்கும் தெரியும். சிக்கல், பாத்திரத்தின் எண்களைக் குறித்து வைக்கும் கேரக்டர் ஷீட்டில்தான். 2012இல் வந்த ரோல்20 என்ற விடிடியில் இலவசமாகவே ஆடலாம், பிரவுசர் போதும். ஆனால் ஷீட்டை நாமே கோட் எழுதி வடிவமைக்க மேல்நிலைச் சந்தா வேண்டும். 2020இல் வெளியான ஃபவுண்ட்ரிக்கு 50 டாலர், வரி தனி. நடத்துகிறவர் ஒருமுறை வாங்கினால் போதும், ஆடுகிறவர்கள் சும்மா வந்து சேரலாம்.

ஃபவுண்ட்ரியில் ‘கஸ்டம் சிஸ்டம் பில்டர்’ என்று, சொந்த விதிக்கு ஷீட் கட்டிக்கொள்ள ஒரு இலவச சிஸ்டம் உண்டு. நான் குடியிருப்பது அதில்தான். ஒரு டெம்ப்ளேட்டில் பெட்டிகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கீ (மென்பொருள் அந்தப் பெட்டியை அடையாளம் காணும் உள்பெயர்), தேவைப்பட்டால் ஒரு ஃபார்முலா கொடுத்தால் ஷீட் தயார். கீ ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், திரையில் தெரியும் பெயர் தமிழிலேயே இருக்கலாம். ‘அச்சம்’ என்ற அளவை ‘கலக்கம்’ என்று மாற்றத் தோன்றியபோது தெரியும் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, டெம்ப்ளேட்டை எல்லா ஷீட்டுக்கும் மறுபடி ஏற்றினேன். யாருடைய எண்ணும் போகவில்லை. கீயில் கை வைத்தால் கதை வேறு: புதுப் பெட்டி காலியாக வந்து நிற்கும். பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றுங்கள், கீயைத் தொடாதீர்கள்.

தலைவலியும் உண்டு. ஃபவுண்ட்ரி உங்கள் கணினியில் ஓடுகிறது, நண்பர்கள் வெளியிலிருந்து 30000ஆம் போர்ட் என்ற வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். நம் ஊர் பிராட்பேண்டுகள் பலவற்றில் ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அப்படியிருந்தால் ரவுட்டரில் என்ன செட்டிங் போட்டாலும் கதவு திறக்காது. டனல் (வெளி சர்வர் ஒன்றின் வழியே சுற்றுப்பாதை) போடலாம், அல்லது மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுக்கலாம். நான் சர்வருக்குப் போய்விட்டேன். ஆக, ‘ஒருமுறை பணம்’ என்பது பாதி உண்மைதான்.

இன்னொன்று அப்டேட். பெரிய வெர்ஷன் மாறும்போது யாரோ ஓய்வு நேரத்தில் எழுதிய மாட்யூல்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) சில படுத்துவிடும். கதை நடுவில் ஓடும்போது நான் அப்டேட் பொத்தான் பக்கமே போவதில்லை. கதை முடிந்ததும் பேக்கப் எடுத்துவிட்டு ஏற்றுவேன்.

தானியங்கி மோகத்துக்கும் ஒரு வார்த்தை. காயம் பட்டால் தானே கழிய வேண்டும், கவசம் தானே தடுக்க வேண்டும் என்று மேக்ரோ (வேலையைத் தானே செய்யும் சின்னக் கோட்) எழுத ஆரம்பித்தால் அது முடியாது. அதைவிட மோசம், மேக்ரோவை மறுபடி எழுதச் சோம்பல்பட்டே மோசமான விதியை வைத்துக்கொண்டு ஆடுவோம். என் ஷீட் இப்போது பகடையை எண்ணும், குறிப்பை வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கழிப்பதை ஆடுகிறவர்களே கழித்துக்கொள்கிறார்கள். அப்போதுதான் “ஐயோ, மூணு போச்சா” என்ற குரலும் வருகிறது.

விதிகள் இன்னும் ஒரு நிலைக்கு வராதவர்கள் காசு போட வேண்டாம். ஆவுல்பேர் ரோடியோ என்ற எளிய விடிடியில் மேப்பும் டோக்கனும் (பாத்திரங்களைக் குறிக்கும் காய்) வைத்து, ஷீட்டை கூகுள் ஷீட்ஸில் போடுங்கள். ஆவுல்பேர் லிங்கைத் தட்டினால் நண்பர்கள் உள்ளே வந்துவிடுவார்கள், அக்கவுண்ட்கூட வேண்டாம். போனில் மட்டும் ஆடுகிற நண்பர் இருந்தாலும் இதுதான் வழி. ஃபவுண்ட்ரி சின்னத் திரைக்குச் சரிப்படாது.