ஆங்கர் டெக்ஸ்ட் பாக்க கூகுள் டூல் மட்டும் பத்தாது, பிங் வெப்மாஸ்டர் டூல்ஸையும் சேத்துக்கோங்க

நம்ம சைட்டுக்கு வெளியில இருந்து லிங்க் குடுக்குறவங்க எந்த வார்த்தை மேல லிங்க் போட்டிருக்காங்கன்னு (அந்த வார்த்தைக்கு பேரு தான் ஆங்கர் டெக்ஸ்ட்) பாக்குறதுக்கு, காசு கட்டாம கிடைக்கிற டூல்ல எனக்கு ரொம்ப பயன்படுறது மைக்ரோசாஃப்டோட பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ் தான். எஸ்இஓ, அதாவது தேடல்ல சைட்டை மேல கொண்டு வர்ற வேலை பண்ற நிறைய பேர் பிங்கா, அதுல யாரு தேடுறான்னு சொல்லி அந்த பக்கமே போறதில்ல, ஆனா நாம இங்க போறது பிங்ல ரேங்க் வாங்க இல்ல, அவங்க கிட்ட இருக்கிற லிங்க் டேட்டாவுக்காக. அதனால அதோட பேக்லிங்க்ஸ் (வெளி சைட்ல இருந்து நமக்கு வர்ற லிங்க்) ரிப்போர்ட்டை பத்தி மட்டும் எழுதுறேன்.

முதல்ல சைட் வச்சிருக்கிறவங்களுக்கு கூகுள் குடுக்குற டூலான சர்ச் கன்சோல்ல என்ன குறைன்னு சொல்லிடறேன். லிங்க்ஸ் ரிப்போர்ட்டுக்குள்ள போனா டாப் லிங்கிங் டெக்ஸ்ட்னு ஒரு பட்டியல் வரும், அதுல வார்த்தையும் அதோட வரிசை நம்பரும் மட்டும் தான் இருக்கும், எத்தனை லிங்க்ல அந்த வார்த்தை வந்திருக்குன்னு இருக்காது. ரெண்டாவது இடத்துல இருக்கிற வார்த்தை அஞ்சு லிங்க்ல இருக்கா ஐநூறு லிங்க்ல இருக்கான்னு எப்படி தெரியும்? சரி, லிங்க்கை எல்லாம் எக்ஸ்போர்ட் பண்ணி நாமளே எண்ணிக்கலாம்னு பாத்தா அந்த ஃபைல்ல லிங்க் இருக்கிற பக்கத்தோட முகவரி வரும், ஆங்கர் டெக்ஸ்ட் வராது. ஆங்கர் டெக்ஸ்ட் சமமா இருக்கா, ஒரே பக்கம் சாயுதான்னு பாக்க எண்ணிக்கை இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது.

பிங்ல பேக்லிங்க்ஸ் உள்ள போனா டொமைன், பக்கம், ஆங்கர் டெக்ஸ்ட்னு தனித்தனியா பிரிச்சு வச்சிருக்காங்க, வார்த்தைக்கு பக்கத்துலயே எண்ணிக்கை இருக்கு, டவுன்லோடும் பண்ணிக்கலாம். சர்ச் கன்சோல்ல ஏற்கனவே சைட்டை வெரிஃபை பண்ணியிருந்தா அங்க இருந்தே இம்போர்ட் பண்ணிக்கலாம், கோடு எதுவும் மறுபடி போட வேண்டியதில்ல.

நான் பாத்துக்கிற ஒரு திருப்பூர் பனியன் கம்பெனி சைட்டை எடுத்துக்கோங்க. என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி லிங்க் விக்கிற ஒரு ஏஜென்சி கிட்ட மாசாமாசம் பேக்கேஜ் எடுத்திருந்தாங்க. சர்ச் கன்சோல் பட்டியல்ல கம்பெனி பேரு முதல்ல, அதுக்கு கீழ "டீஷர்ட் மேனுஃபேக்சரர்ஸ் இன் திருப்பூர்"னு ஒரு வரி, பாக்க ஒண்ணும் தப்பா தெரியல. பிங்ல எண்ணிக்கையோட பாத்தப்ப தான் அந்த ஒரு வரி கம்பெனி பேருக்கு கிட்டத்தட்ட சமமா நிக்குறது தெரிஞ்சது. எந்தெந்த பக்கம்னு திறந்து பாத்தா நாய் வளர்ப்பு பத்தின பிளாக், கிரிப்டோ நியூஸ் சைட், வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறது எப்படிங்கிற கட்டுரை, எல்லாத்துலயும் அதே நாலு வார்த்தை, ஒரு எழுத்து கூட மாறல, எல்லாம் முகப்பு பக்கத்துக்கே போகுது. தானா கிடைச்ச லிங்க் இப்படி இருக்கவே இருக்காது. வியாபார டைரக்டரில கம்பெனி பேரு இருந்துச்சு, ஒரு இடத்துல பேரை ஸ்பெல்லிங் தப்பா போட்டிருந்தாங்க, சில இடத்துல வெறும் யூஆர்எல், சில இடத்துல "வெப்சைட்"னு மட்டும். இப்படி கலந்துகட்டி வர்றது தான் நிஜமான லிங்க்.

இது ஏன் முக்கியம்னா லிங்க்ல இருக்கிற வார்த்தையை வச்சு அந்த பக்கம் எதை பத்தினதுன்னு புரிஞ்சுக்கிறது கூகுளோட ஆரம்பத்துலயே இருக்கு, 1998ல கூகுளை ஆரம்பிச்ச பிரின்னும் பேஜும் எழுதின ஆய்வுக் கட்டுரையிலேயே அது வருது. அதை தெரிஞ்சுகிட்டவங்க அதையே வச்சு ஏமாத்தவும் ஆரம்பிச்சாங்க. 2011ல ஜேசி பென்னிங்கிற அமெரிக்க கடை நிறுவனத்தோட விஷயத்தை நியூயார்க் டைம்ஸ் வெளியில கொண்டு வந்துச்சு, சம்பந்தமே இல்லாத சைட்டுல எல்லாம் "டிரெஸ்ஸஸ்" மாதிரி வார்த்தைல அவங்களுக்கு லிங்க் இருந்துச்சு, கூகுள் உடனே கீழ தள்ளிடுச்சு. அடுத்த வருஷம், 2012 ஏப்ரல்ல கூகுள் தேடல்ல பெங்குவின்னு ஒரு அப்டேட் வந்துச்சு, ஒரே கீவேர்டை (ஜனங்க தேடுற வார்த்தை) ஆங்கரா போட்டு போட்டு ரேங்க் வாங்கின சைட் எல்லாம் அதுல அடி வாங்குச்சு. 2016ல வந்த பெங்குவின் 4.0ல இருந்து மொத்த சைட்டையும் இறக்குறதுக்கு பதிலா அந்த மாதிரி லிங்க்கை மதிப்பில்லாம ஆக்குற பக்கம் போயிட்டாங்க, 2022 டிசம்பர் லிங்க் ஸ்பேம் அப்டேட்டும் ஸ்பேமை கண்டுபிடிக்கிற கூகுளோட ஸ்பேம்பிரெயின வச்சு அதையே தான் பண்ணுச்சு. ஆக இப்ப காசு குடுத்து வாங்கின லிங்க்ல பெரும்பாலும் நடக்குறது என்னன்னா காசு போகும், பலன் எதுவும் வராது. சந்தேகம் இருந்தா கூகுளோட ஸ்பேம் பாலிசி பக்கத்தை படிச்சு பாருங்க, கல்யாண மோதிரம், பூ, கல்யாண டிரெஸ்னு ஒரே பத்தில அத்தனை வார்த்தைக்கும் லிங்க் போட்ட ஒரு உதாரணம் வச்சிருக்காங்க, பனியன் கம்பெனிக்கு வாங்கின கட்டுரைகளும் அச்சு அசல் அப்படியே தான் இருந்துச்சு.

பிங்ல எனக்கு ரொம்ப பிடிச்சது இன்னொண்ணு, நம்ம சைட் மட்டுமில்லாம போட்டி சைட்டோட லிங்க்கையும் பக்கத்துல வச்சு பாக்க விடுறாங்க. பிராண்டு பேரு இத்தனை சதவீதம், கீவேர்டு இத்தனை சதவீதம்னு ஒரு கணக்கை சொல்லி கோர்ஸ் விக்கிறாங்களே, அதை நம்பாதீங்க. கூகுள் அப்படி எந்த சதவீதமும் சொன்னதில்ல. தொழிலுக்கு தொழில் மாறும், கடை பேர்லயே கீவேர்டு இருந்தா கணக்கே தலைகீழா போயிடும், சில்க்ஸ்னு பேர் வச்ச கடைக்கு வர்ற லிங்க்ல சில்க்ஸ்னு இருக்கத்தானே செய்யும். அதனால உங்க தொழில்ல ரொம்ப நாளா முதல் பக்கத்துல நிக்கிற ரெண்டு மூணு சைட்டை எடுத்து அவங்களுக்கு எப்படி எப்படி லிங்க் வருதுன்னு பாருங்க, உங்களோடது அதுல இருந்து எங்க விலகி நிக்குதுன்னு அங்கயே தெரிஞ்சிடும்.

குறையும் இருக்கு, சொல்லாம விடக்கூடாது. பிங் பாத்தது மட்டும் தான் அதுல வரும், கூகுளுக்கு தெரிஞ்ச லிங்க் எல்லாம் இருக்காது, அதனால சர்ச் கன்சோல் பட்டியலையும் பக்கத்துல வச்சுக்கணும். சின்ன சைட், புது சைட்னா டேட்டா ரொம்ப கம்மியா வருது. இன்னொண்ணு, ஒரு சைட்டோட ஃபுட்டர்ல, அதாவது எல்லா பக்கத்துலயும் அடியில வர்ற பகுதில லிங்க் இருந்தா அந்த சைட்ல எத்தனை பக்கம் இருக்கோ அத்தனை தடவை எண்ணிக்கை ஏறிடும், அதை பாத்து பதறாம டொமைன் கணக்கா பிரிச்சு பாருங்க, ஒரே டொமைன்ல இருந்து வந்தது ஒண்ணு தான். லிங்க்கை டிசவோ பண்ற, அதாவது இந்த லிங்க்கை கணக்குல எடுக்காதீங்கன்னு சொல்ற வசதி முன்னாடி பிங்ல இருந்துச்சு, 2023ல எடுத்துட்டாங்க, அதுக்கு கூகுள் பக்கம் தான் போகணும்.

டிசவோ பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். இந்த ரிப்போர்ட்டை பாத்ததும் பயந்துபோய் கண்ணுல பட்டதை எல்லாம் டிசவோ ஃபைல்ல போடாதீங்க, நல்ல லிங்க்கும் சேந்து போயிடும். முதல்ல சர்ச் கன்சோல்ல மேனுவல் ஆக்ஷன்ஸ் (கூகுள் ஆளுங்களே பாத்து சைட்டுக்கு போடுற தண்டனை) பக்கத்தை பாருங்க. அங்க ஒண்ணும் இல்லன்னா நிறைய சைட்டுக்கு டிசவோ தேவையே படாது, காசு குடுத்து வாங்கின லிங்க் குவிஞ்சு கிடந்து மேனுவல் ஆக்ஷன் வரும்னு தோணுற சைட்டுக்கு மட்டும் தான் அதை யோசிக்கணும். அதே மாதிரி கீவேர்டு ஆங்கர் ஜாஸ்தியாயிடுச்சு, சமன் பண்ணனும்னு பிராண்டு பேர்ல நூறு லிங்க் வாங்கச் சொல்றவங்க பேச்சையும் கேக்காதீங்க, அதுவும் வாங்கின லிங்க் தானே. பனியன் கம்பெனில நாங்க பண்ணது பேக்கேஜை நிறுத்துனோம், தொடர்பு கிடைச்ச சைட்டுகள்ல லிங்க்கை எடுக்கச் சொன்னோம், இல்லன்னா காசு குடுத்து போட்ட லிங்க்னு கூகுளுக்கு தெரியுற மாதிரி ஸ்பான்சர்டுன்னு மார்க் பண்ணச் சொன்னோம். அப்புறம் துணி ஜிஎஸ்எம் (துணியோட கனம்) எப்படி தேர்ந்தெடுக்கிறது, பிரிண்ட் எத்தனை வாஷ் தாங்கும்னு வாங்க வர்றவங்க நிஜமா கேக்குற கேள்விக்கு பக்கம் எழுதினோம், அந்த பக்கத்துக்கு வர்ற லிங்க்ல யாரும் எங்களை கேக்காமலே விதவிதமான வார்த்தை வருது.

உங்க சைட்டுக்குள்ள ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு போற லிங்க்குக்கு இந்த பயம் எதுவும் வேண்டாம், அங்க பக்கம் எதை பத்தினதோ அதையே தெளிவா எழுதுங்க, கூகுளே அப்படி தான் எழுத சொல்லுது.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். ஒரு சைட், ரெண்டு சைட் வச்சிருக்கிறவங்களுக்கு பிங்கும் சர்ச் கன்சோலும் சேந்தா தாராளமா போதும், நிறைய கிளையன்ட் வச்சிருக்கிற ஏஜென்சிக்கு மட்டும் காசு கட்டுற டூல் தேவைப்படும்.