கரூசியா, ஸ்காலாவா: எதில் தொடங்கலாம்?

அமெரிக்க மரைன் படை பேண்டில் இத்தாலியர்களின் பங்கைப் படிக்க விரும்புவோர் அதில் வாசித்த கரூசி, ஸ்காலா ஆகிய இருவரில் யாரிடம் தொடங்குவது என்று தயங்குவதுண்டு.

வந்த கதை: கயெட்டானோ கரூசி 1805இல் சிசிலியின் கட்டானியாவிலிருந்து, மகன்களோடும் ஒரு வாத்தியக் குழுவோடும் வந்தார். தலைநகரம் என்று நம்பி வந்தால், வாஷிங்டனில் கண்டது இரண்டு மூன்று விடுதிகளும் சிதறிய மரக்குடிசைகளும்தான்! படைத் தளபதி வார்ட்டனுக்கோ இவர்களை வரவழைத்ததே பிடிக்கவில்லை. சொன்ன வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று கரூசி பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசிடமே மனு கொடுத்து முறையிட்டார். பிரான்சிஸ் ஸ்காலா நேப்பிள்ஸ்காரர், கிளாரினெட் கலைஞர். அவர் வந்தது சாதாரண கதை.

இசையில் தாக்கம்: சிறிதாக இருந்த அணிக்குக் கரூசி குழு கூடுதல் வாத்தியக்காரர்களைக் கொண்டுவந்தது. ஸ்காலா 1855 முதல் 1871 வரை தலைமை ஏற்று அதை முழு பேண்டாக வளர்த்தார். என் கணக்கில் தாக்கம் இவருடையதே பெரிது.

ஆதாரம்: ஸ்காலாவின் இசைத்தாள்கள் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. கரூசிக்கு அப்படி இல்லை, அவர் காங்கிரசிடம் கொடுத்த மனுதான் முக்கியம்.

சரி, புலம்பெயர்ந்தோரின் பாடு தெரிய வேண்டுமானால் கரூசி. வாசித்துப் பார்க்க இசை வேண்டுமானால் ஸ்காலா.