சாசேஜுக்கு ஸ்மோக்கர் கேட்டால் ரப்பர் ஷீட் பெட்டியைத் தலையில் கட்டுகிறார்கள்

மார்த்தாண்டம் வட்டாரத்தில் ஸ்மோக்கர் (இறைச்சிக்குப் புகை போடும் பெட்டி) செய்யக் கொடுக்க நினைப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் போடும் பன்றி சாசேஜுக்கும் பேக்கனுக்கும் என்று தெளிவாகச் சொல்லித்தான் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்யக் கொடுத்தேன். 38,000 ரூபாய். புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை.

அந்த ஆள் வேலை தெரியாதவர் அல்ல. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறைகள் கட்டிப் பழகியவர். சிக்கலே அதுதான். ரப்பர் ஷீட்டுக்குச் சூடு 60 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் குமிழி விழும். சாசேஜ் கதை வேறு. பெட்டிக்குள் மெல்ல மெல்ல 75, 80 வரை ஏற்றி, இறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும். கோழி என்றால் 74. "கன்ட்ரோலர் வச்சிருக்கேன் சார், 80 போட்டா 80 நிக்கும்" என்றார். டிஸ்ப்ளேயில் 80 நின்றது, பொய் சொல்லக் கூடாது.

ஆனால் சூட்டை அளக்கும் சென்சாரை ஹீட்டர் காயிலுக்கு இரண்டு விரல் மேலே திருகி வைத்திருக்கிறார். காயிலின் சூட்டைப் பார்த்ததும் கன்ட்ரோலர் கரண்டை வெட்டிவிடும். சாசேஜ் தொங்கும் கம்பியில் தனியாக ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டால் 44. மணிக்கணக்காக அதே 44. 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அதிலும் பாட்டுலிசம் என்ற, உயிரையே பறிக்கக்கூடிய நச்சை உண்டாக்கும் கிருமிக்குக் காற்றில்லாத இடம்தான் பிடிக்கும். குடலுக்குள் அடைத்த இறைச்சி அதற்குத் தோதான இடம். கிலோவுக்கு 2.5 கிராம் கணக்கில் க்யூரிங் உப்பு (சோடியம் நைட்ரைட் 6.25 சதவீதம் உள்ளது) போட்டிருந்தும், அந்த ஈடு முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தேன்.

உள்தகடு 304 ஸ்டீல் என்று சொல்லியிருந்தார். அது எளிதில் துரு பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தம் ஒட்டக் கூடாது. இதில் காந்தம் டப்பென்று ஒட்டியது. கீறிய இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்தால் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு. உப்பும் புளிப்பும் படும் இடத்தில் அது கூடவே கூடாது. காந்தம் ஒட்டாவிட்டாலும் 304 என்று நம்பிவிடாதீர்கள், 202 என்ற மட்டமான ஸ்டெயின்லெஸ் தகட்டிலும் ஒட்டாது. நம் கடல்காற்றில் அது சீக்கிரம் துரு பிடிக்கும்.

புகை போகும் வழிக்கு மூடித் திறக்கும் தகடு வைக்கவில்லை, ஒரு சின்ன ஓட்டை மட்டும். புகை உள்ளேயே தேங்கித் திரண்டு, தோலில் தார் படிந்து, எல்லாம் ஒரே கசப்பு. புகை வெளியே போகும்போது மெலிசாக, இளநீலமாக இருக்க வேண்டும்.

போய்க் கேட்டால், "உங்களுக்கு மூட்டத் தெரியல, கொல்லாங்கொட்டைத் தோடு போடுங்க, நல்லா புகையும்" என்கிறார். அந்த முந்திரித் தோட்டு எண்ணெய் கையில் பட்டாலே வெந்துபோகும்! இனாமாக ஒரு மூட்டை ரப்பர் மரத்தூளும் தந்தார், ஃபர்னிச்சர் கடையில் அள்ளியது. ஃபர்னிச்சருக்குப் போகும் ரப்பர் மரத்துக்குப் பூச்சி அரிக்காமல் இருக்க போரான் மருந்து ஏற்றுவார்கள். அது சாப்பிடும் பொருளுக்கு ஆகாது. புகைக்குக் காய்ந்த பலா, கொய்யா, மாமரக் கட்டை போதும்.

பில்லில் "பெட்டி வேலை" என்று மட்டும் எழுதியிருக்கிறார். நல்லவேளை, 304 என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன். சரிவராவிட்டால் அடுத்து நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

நீங்கள் செய்யக் கொடுத்தால் பில்லில் தகட்டின் கிரேடை எழுதி வாங்குங்கள். சென்சாரைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், 100-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். அப்புறம் வெறும் பெட்டியில் மேலே, நடுவே, கீழே தெர்மாமீட்டர் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். இதெல்லாம் பாக்கிப் பணம் கையில் இருக்கும்போதே, பட்டறையிலேயே நடக்க வேண்டும். பெட்டி வண்டியில் ஏறிவிட்டால் போனை எடுக்க மாட்டார்கள்.