பந்தல் திராட்சைக்குச் சாம்பல் நோய்: கந்தகமா, மயில்துத்தமா, கொடியின் கைமருந்தா?

கல்லிடைக்குறிச்சியில் மைனி வீட்டுப் புறவாசலில், கிணற்றை ஒட்டி ஒரு பன்னீர் திராட்சைப் பந்தல். போன தடவை போனபோது கொத்தில் பாதி மணி வெடித்து விதை வெளியே தெரிந்தது. “தண்ணி கூடிப்போச்சு போல தம்பி” என்றார் மைனி. ஒரு மணியைக் கட்டைவிரலால் தேய்த்தேன். மாவு மாதிரி வெள்ளை ஒட்டியது. அடியில் தோல் பழுப்பேறி வலை பின்னியிருந்தது. தண்ணீர் அல்ல, சாம்பல் நோய். பூஞ்சை மேல்தோலை உறிஞ்சிவிட்டால் தோல் வளராது, உள்ளே சதை மட்டும் பெருக்கும். வெடிக்காமல் என்ன செய்யும்?

உரக்கடை அண்ணாச்சி நனையும் கந்தகத் தூளைக் கொடுத்துவிட்டார். அண்ணன், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவைதான் என்கிறான். “கொடி தானே பார்த்துக்கிடும்” என்பது ஆச்சியின் கட்சி.

ஆச்சி சொன்னதைச் சிரித்துத் தள்ள முடியாது. பூஞ்சை தாக்கிய திராட்சை இலை ரெஸ்வெரட்ரால் என்ற பொருளைத் தானே உண்டாக்குகிறது என்று 1976-ல் லாங்கேக்கும் பிரைஸும் காட்டினார்கள். புற ஊதா விளக்கில் அந்த இடம் நீலமாக ஒளிரும். ஸ்டில்பீன் சிந்தேஸ் என்ற நொதி சமைக்கும் மருந்து அது. கொடி அதில் சர்க்கரையை ஒட்டிவைத்தால் வீரியம் குறையும். இரண்டை இணைத்து வினிஃபெரின் ஆக்கினால் கூடும். நோயைத் தாங்கும் ரகங்கள் இந்த இரண்டாவது வேலையைச் சுருக்காகச் செய்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், பழத்துக்குக் கருநீலம் தரும் நிறமிக்கும் இதே மூலப்பொருள்தான் வேண்டும். ஒரே மாவில் இட்லியும் ஊற்றணும், தோசையும் வார்க்கணும். பழம் நிறம் மாறும் சமயத்தில் மருந்து சுரக்கும் திறன் சரிகிறது. பழுத்த கொத்தில் போட்ரைடிஸ் அழுகல் புகுவதற்கு இது ஒரு காரணம். போதாக்குறைக்கு அந்தப் பூஞ்சையிடம் ரெஸ்வெரட்ராலையே சிதைக்கும் லாக்கேஸ் நொதி வேறு இருக்கிறது.

சாம்பல் நோயின் கணக்கு தலைகீழ். பூத்து மூன்று நான்கு வாரம் வரைதான் பிஞ்சு அதற்கு இரை. அதன்பின் புதிதாகத் தொற்றுவது அரிது. ஆக ஆச்சி சொல்வது பாதி சரி. மைனி வீட்டுக் கொத்து வீணானது மிளகளவு பிஞ்சாக இருந்த அந்த நாட்களில்தான்.

அண்ணனின் போர்டோ கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (செம்பு உப்பு), ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும். சாணை பிடித்த கத்தியை முக்கிப் பார்த்து, செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். 1885-ல் பிரான்சில் மில்லார்டே இதை வெளியிட்டது அடிச்சாம்பல் நோய்க்காக. பெயரில் சாம்பல் இருந்தாலும் அது வேறு வம்சம்: பூஞ்சையே அல்ல, பாசியின் உறவு. பூஞ்சையின் செல் சுவரைக் கட்டும் கைட்டின் என்ற பொருள் அதன் சுவரில் பெரிதாகக் கிடையாது. அதனால் பழுக்கும்போது பழத்தில் குவியும், கைட்டினைச் சிதைக்கும் கைட்டினேஸ் புரதம் அதனிடம் செல்லாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இலையின் அடியில் வெள்ளைப் படலம் கண்டால் அண்ணன் சொல்வதைக் கேட்கலாம். இந்த வெடிப்புக்கு அது நேர் மருந்தில்லை. அடித்த செம்பு மண்ணை விட்டுப் போகாது என்பதையும் மறக்கக் கூடாது.

என் ஓட்டு அண்ணாச்சிக்கு. லிட்டருக்கு இரண்டு கிராம் கந்தகம், பூத்த முதல் மாதம் மட்டும். பிறகு கொடியே பார்த்துக்கொள்ளும். ஆனால் நம்மூர் வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள்: 35 பாகையைத் தாண்டும் நாளில் கந்தகம் இலையைப் பொசுக்கிவிடும். அதனால் வெயில் தாழ்ந்தபின், சூடு குறைந்த நாளாகப் பார்த்து அடிக்க வேண்டும்.

வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமலும் கந்தகத்தைத் தொடக் கூடாது. இதைச் சொன்னதும் மைனி நாக்கைக் கடித்துக்கொண்டார், முந்தாநாள்தான் அடித்தாராம். பொட்டலம் இப்போது புறவாசல் மாடத்தில் காத்திருக்கிறது.