டிஃபெண்டரின் ஹேண்ட் பிரேக்: டிரம்மா, டிஸ்க்கா?

பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை. முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம்மாக இருக்கிறது. நல்ல நிலையில் அதன் பிடி அபாரம். உள்ளிருந்து டிரம்மை அழுத்தும் ஷூக்களில் (வளைந்த பிரேக் துண்டுகள்) ஒன்று, டிரம் சுழலும் திசையில் இழுபட்டுத் தானாகவே இறுகும். ஆனால் சேற்றிலும் ஆற்றிலும் இறங்கினால் உள்ளே புகுந்த மணல் எளிதில் வெளியேறாது, ஷூவின் உராய்வுப் பட்டையான லைனிங்கை அரைத்துவிடும். ஆயில் சீல் (எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வளையம்) கசிந்தால் லைனிங் எண்ணெயில் ஊறி, பிடியே போய்விடும்.

டிஸ்க்குக்கு, அதாவது பேட்கள் இருபுறமும் கவ்வும் திறந்த வட்டத்தகட்டுக்கு, மாற்றினால் சேறு தங்காது, பேட் மாற்றுவதும் சுலபம். தானே இறுகும் குணம் இல்லை என்பதால் கேபிளை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். மாதாமாதம் சேற்றில் இறங்குபவருக்கு நான் டிஸ்க்கையே சொல்வேன். சாலையிலேயே ஓடும் வண்டி என்றால் சீலை மாற்றி, டிரம்மைச் சுத்தம் செய்தாலே போதும், டிஸ்க்குக்கு மாற்றும் செலவு வேண்டாம்.

அப்புறம் ஒன்று, இது இரண்டுக்கும் பொருந்தும். சென்டர் டிஃப் லாக் (முன், பின் ஷாஃப்ட்களைச் சேர்த்துப் பூட்டும் அமைப்பு) போடாமல் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், அந்தச் சக்கரம் எதிர்த்திசையில் சுழல, வண்டி உருண்டுவிடலாம். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடவே தொடாதீர்கள்.