கிருஷ்ணகிரி வெயிலில் பழைய ஷார்ட்போர்டுகள்: வாங்குவதும் வைத்துக் காப்பதும்

பழைய ஷார்ட்போர்டுக்கு, அதாவது கடல் அலையில் நின்று சறுக்கும் குட்டையான சர்ஃப் போர்டுக்கு, நம்ம கிருஷ்ணகிரியில் உப்புக்காற்றுத் தொல்லை கிடையாது. முதல் எதிரி, மார்ச் முதல் மே வரை சிமென்ட் ஷீட் கூரைக்கடியில் தேங்கும் சூடுதான். பாலியூரித்தேன் ஃபோமுக்குள் அடைபட்ட வாயு சூட்டில் உப்பி, மேலே ஒட்டியிருக்கும் ஃபைபர் தோலைத் தள்ளும். சர்ஃபர் கால் ஊன்றி ஊன்றி ஒட்டு தளர்ந்த இடம்தான் முதலில் கொப்பளமாக எழும்பும். அதனால் தரைத்தள அறை, வெயில் படாத சுவர், படுக்கை வாட்டில் துணி சுற்றிய இரண்டு தாங்கிகள். மேல்மாடி அறை வேண்டவே வேண்டாம். உள்ளே வைக்கும் முன், கால் வழுக்காமல் இருக்க மேலே பூசிய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். தின்னரைத் தொடாதீர்கள். அந்தக் காலத்து ஸ்ப்ரே வண்ணம் கரைந்து வந்துவிடும்.

வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் அங்கே தோல் விட்டிருக்கிறது. வெடிப்பைச் சுற்றிப் பழுப்புக் கறை இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

சொல்லும் வருடம் உண்மையா என்பதைப் போர்டே காட்டிக்கொடுக்கும். 1966-இல் ஆஸ்திரேலிய சர்ஃபர் நாட் யங் உலக சர்ஃபிங் பட்டம் வென்றது 9 அடிக்கு மேற்பட்ட போர்டில். மறுவருடமே ஆஸ்திரேலியாவில் போர்டு செதுக்கும் பாப் மெக்டேவிஷ் பின்னடியை 'வி' வடிவில் செதுக்கி நீளத்தைக் குறைத்தார். 1970 வாக்கில் 7 அடிக்கும் குறைவான போர்டுகள் வந்துவிட்டன. போர்டைக் காலோடு கட்டும் கயிறான லீஷ் பரவியது அதற்குப் பிறகுதான். '1968 போர்டு' என்று சொல்லி அதில் லீஷ் பிளக் (அந்தக் கயிற்றை மாட்டும் குழி) இருந்தால், பிளக் பிற்பாடு வைத்தது, அல்லது வருடம் தவறு. இரட்டை ஃபின் (வால் பக்கம் அடியில் இருக்கும் துடுப்பு) என்றால், சர்ஃபர் மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து உலகப் பட்டம் வென்ற காலத்தின் பாணி. வேகம் உண்டு, பெரிய அலையில் வால் வழுக்கும். அதைத் தீர்க்கத்தான் ஆஸ்திரேலிய சர்ஃபர் சைமன் ஆண்டர்சன் 1980-இல் மூன்று ஃபின் வைத்தார். 1981-இல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச் போட்டியில், பேரலையில் அவர் வென்றதும் சந்தேகம் தீர்ந்தது. சேகரிப்பவர் ஒன்றே ஒன்று வாங்குவதானால், ஃபின்களைப் போர்டோடு சேர்த்தே கிளாஸ் செய்த (ஃபைபர் துணியும் ரெசினும் போட்டு ஒட்டிய) 80-களின் ஆரம்ப மூன்று ஃபின் போர்டைத்தான் சொல்வோம்.

பழுதுக்கு ஓசூரில் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசின் போதும். ஆனால் நறுக்கிய இழைப் பாய் வேண்டாம். கனம் கூடும், ரெசினைக் குடிக்கும். சதுர மீட்டருக்கு 135 அல்லது 200 கிராம் நெய்த துணி கேளுங்கள். நனைந்த ஃபோமை நிழலில் முழுக்கக் காயவிட்ட பிறகே ஒட்ட வேண்டும். 100 கிராம் ரெசினுக்கு அதை இறுக வைக்கும் ஹார்டனர் 1 கிராம், விடிகாலையில். நண்பகலில் 2 கிராம் கலந்தால் தடவி முடிப்பதற்குள் கப்பிலேயே இறுகிப் புகையும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைத் தனியாகக் கொடுத்தால் முதலில் அதை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகு ஹார்டனர். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும். வெள்ளைத் தெர்மாகோல் ஃபோம் போர்டில் இந்த ரெசின் பட்டால் ஃபோம் கரைந்துவிடும். அதற்கு எபாக்சி மட்டுமே.

மஞ்சளித்த போர்டுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து விற்பவர்கள் உண்டு. வாங்காதீர்கள். போர்டின் நடுவே ஓடும் மரப்பட்டையான ஸ்ட்ரிங்கர் ஓரம், போர்டைச் செதுக்கிய ஷேப்பர் பென்சிலில் எழுதிய அளவும் கையெழுத்தும் அந்தப் பெயின்டுக்கு அடியில் போயிருக்கும். சுரண்டி எடுக்கப் பார்த்தால் கிளாஸும் சேர்ந்து தேயும்.